பிரிட்ஸ் முல்லர்

யோகான் பிரீடிரிக் தியோடோர் முல்லர் (மார்ச் 31, 1822 - மே 21, 1897) செருமனியில் பிறந்து பிரேசிலில் வாழ்ந்த உயிரியலாளர் ஆவார். பிரிட்ஸ் முல்லர் என்ற பெயரிலேயே இவர் பரவலாக அறியப்படுகிறார். சார்லஸ் டார்வினின் படிவளர்ச்சிக் கொள்கையைக் களச் சான்றுகளைக் கொண்டு ஆதரித்த முதல் அறிஞர்களுள் ஒருவர். தீய சுவையுடைய இரு வண்ணத்துப்பூச்சி இனங்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதன் பயனை விளக்கினார். இது இன்று முல்லரின் ஒப்புப்போலி எனப்படுகிறது. தென்பிரேசிலின் ஓடைகளில் வாழும் கேடிசுப் பூச்சிகளை, அவற்றின் உடலமைப்பையும் அவை கட்டும் கூடுகளையும் கொண்டு வேறுபடுத்திப் பெயரிட்டார். அவர் இட்ட பேரினப் பெயர்களுள் பல இன்றும் வழக்கில் உள்ளன.

இளமையும் கல்வியும்

முல்லர் செருமனியின் தூரிங்கியாப் பகுதியில், எர்பர்ட் நகருக்கு அருகிலுள்ள விண்டிஷ்ஹோல்சவுசன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அவ்வூரின் புராட்டஸ்தாந்து மதகுரு. தாய்வழிப் பாட்டனார் யோகான் பார்த்தொலோமேயஸ் திரோம்ஸ்டார்ப் எர்பர்ட்டின் புகழ்பெற்ற மருந்தியலாளரும் வேதியியலாளரும் ஆவார். முல்லரின் இளவல் ஹெர்மன் முல்லர் (1829 - 1883) பின்னாளில் மலர்களுக்கும் பூச்சிகளுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து புகழ் பெற்றார். சகோதரர்கள் இருவரும் வாழ்நாள் முழுவதும் கடிதங்கள் வழியே தத்தம் ஆய்வுகளைப் பகிர்ந்துகொண்டனர்.

எர்பர்ட்டில் பள்ளிக் கல்வியை முடித்த முல்லர் சிறிது காலம் மருந்தகத்தில் பயிற்சி பெற்றார். பின்னர் பெர்லினிலும் கிரைப்ஸ்வால்டிலும் இயற்கை அறிவியல் பயின்றார். பெர்லினில் உடலியங்கியல் அறிஞர் யோகான்னஸ் முல்லரின் மாணவராக இருந்தார். பெயர் ஒன்றாயினும் இருவரும் உறவினர் அல்லர். பெர்லின் வட்டாரத்து அட்டைகளைப் பற்றிய ஆய்வுக்காக 1844 இல் முனைவர் பட்டம் பெற்றார். அதன் பின்னர் கிரைப்ஸ்வால்டில் மருத்துவம் பயின்றார்.

இக்காலத்தில் முல்லர் கிறித்தவ நம்பிக்கையைக் கைவிட்டிருந்தார். மருத்துவப் பட்டம் பெறுவோர் கடவுளின் பெயராலும் நற்செய்தியின் பெயராலும் உறுதிமொழி எடுக்கவேண்டும் என்பது அக்கால விதி. தாம் நம்பாத ஒன்றின் பெயரால் உறுதிமொழி கூற முல்லர் மறுத்தார். இதனால் படிப்பை முடித்தும் 1849 இல் அவருக்கு மருத்துவப் பட்டம் கிடைக்கவில்லை. தொழில் செய்யும் உரிமையும் இல்லாமற் போயிற்று. 1848 ஆம் ஆண்டுப் புரட்சியின் தோல்விக்குப் பின் பிரசியாவில் சமயமும் அரசும் மேலும் நெருங்கிவிட்டதால், அரசுப் பள்ளிகளிலும் அவருக்கு இடமிருக்கவில்லை. சில ஆண்டுகள் தனியார் வீட்டில் ஆசிரியராகப் பணியாற்றினார்.

பிரேசிலுக்குக் குடியேற்றம்

1852 இல் முல்லர் தம் மனைவி கரோலினா, குழந்தை, தம்பி அகஸ்ட் ஆகியோருடன் பிரேசிலின் சாந்தா கத்தரீனா மாகாணத்துக்குக் குடிபெயர்ந்தார். அங்கு இத்தாசாயி ஆற்றங்கரையில் ஹெர்மன் புளூமெனாவ் 1850 இல் நிறுவிய செருமானியக் குடியேற்றம் இருந்தது. நிறுவியவரின் பெயராலேயே அவ்வூர் புளூமெனாவ் என வழங்குகிறது. முல்லர் அங்குக் காட்டைத் திருத்தி, வீடு கட்டி, உழவராக வாழ்ந்தார்.

1856 இல் மாகாணத் தலைநகரான தெஸ்தேரோவில் (1894 முதல் புளோரியானோப்பொலிஸ்) உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியர் பணி கிடைத்தது. அது ஒரு தீவு நகரம். கடற்கரையும் நுண்ணோக்கியும் கைக்கெட்டும் தொலைவில் இருந்தமையால் முல்லர் கடல்வாழ் உயிரினங்களை ஆராயத் தொடங்கினார். பள்ளி இயேசு சபையினரின் பொறுப்புக்குச் சென்ற பின்னர் அவர் 1867 இல் மீண்டும் இத்தாசாயிப் பகுதிக்குத் திரும்பினார். எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் அங்கேயே கழித்தார்.

டார்வினுக்கு ஆதரவாக

டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' என்ற நூலின் செருமானிய மொழிபெயர்ப்பை முல்லர் 1861 அளவில் படித்தார். அக்கொள்கையை வாதங்களால் ஆராய்வதைவிட, ஒரே ஓர் உயிரினக் கூட்டத்தை எடுத்துக்கொண்டு அதில் முழுமையாகப் பொருத்திப் பார்ப்பதே சரியான சோதனை என அவர் கருதினார். இறால், நண்டு முதலிய ஓட்டுடலிகளை இதற்காகத் தேர்ந்தெடுத்தார். முரண்பாடுகள் தோன்றினால் கொள்கை தவறு என்பது அவரது அணுகுமுறை.

இந்த ஆய்வின் பயனாக 1864 இல் லைப்சிக் நகரில் 'டார்வினுக்காக' என்னும் சிறுநூல் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, ஒருவகை இறால் நாப்பிளியசு என்னும் எளிய குடம்பியாகவே முட்டையிலிருந்து வெளிவருவதை முல்லர் அறிவித்திருந்தார். தாழ்நிலை ஓட்டுடலிகளுக்கே உரியது என எண்ணப்பட்ட இக்குடம்பி உயர்நிலை இறாலிலும் காணப்பட்டது, இரண்டுக்கும் பொது மூதாதை இருந்தது என்பதற்கு வலுவான சான்றாயிற்று. நிலத்தில் வாழும் நண்டுகள் வெவ்வேறு குடும்பங்களில் காற்றைச் சுவாசிக்கும் அமைப்பை வெவ்வேறு வழிகளில் பெற்றிருப்பதையும் இந்நூல் காட்டியது. தனிவளர்ச்சியில் மூதாதையரின் வரலாறு ஓரளவு வெளிப்படுகிறது என்ற இந்நூலின் கருத்தை எர்ன்ஸ்ட் ஹேக்கல் பின்னர் மிக விரிவாக வளர்த்தெடுத்தார்.

நூலைப் படித்த டார்வின் 1865 இல் முல்லருக்குக் கடிதம் எழுதினார். தம் செலவிலேயே அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க ஏற்பாடு செய்து 1869 இல் வெளியிடச் செய்தார். இருவரும் ஒருமுறையேனும் நேரில் சந்தித்ததில்லை. எனினும் 1882 இல் டார்வின் இறக்கும் வரை ஏறத்தாழ 17 ஆண்டுகள் கடிதத் தொடர்பு நீடித்தது. நுணுகி நோக்குவதில் முல்லருக்கு நிகரானவர் அரிது என்பது டார்வினின் மதிப்பீடு.

கேடிசுப் பூச்சிகள்

1876 இல் ரியோ டி செனீரோவின் தேசிய அருங்காட்சியகம் முல்லரைப் பயண இயற்கையியலாளராக நியமித்தது. இத்தாசாயிப் பகுதியில் இருந்தபடியே உயிரினங்களைச் சேகரித்து ஆராயும் வாய்ப்பு இதனால் கிடைத்தது. இக்காலத்தில் அவர் மிகுதியாக ஈடுபட்ட பூச்சிக் கூட்டங்களுள் ஒன்று கேடிசுப் பூச்சிகள் (திரைக்கோப்டெரா வரிசை). வரிசையின் பெயருக்கு மயிரிறகு என்பது பொருள். வண்ணத்துப்பூச்சியின் இறகில் செதில்கள் இருப்பது போல இவற்றின் இறகில் மெல்லிய மயிர்கள் உள்ளன.

கேடிசுப் பூச்சியின் குடம்பி நீரில் வாழ்கிறது. வாயருகிலிருந்து சுரக்கும் பட்டிழையால் மணல், சிறு கல், இலைத் துண்டு, குச்சி முதலியவற்றை இணைத்துப் பெரும்பாலான இனங்கள் தம் உடலைச் சுற்றிக் கூடு கட்டுகின்றன. குடம்பி இக்கூட்டைச் சுமந்துகொண்டே திரியும். பின்னர் கூட்டுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, முதிர்ந்ததும் கூட்டை அறுத்து வெளியேறி, நீர்ப்பரப்பையோ கரையையோ அடைந்து இறகுடைய பூச்சியாகிறது.

இனங்களை வேறுபடுத்துவதில் உள்ள இடர்ப்பாடு

முதிர்ந்த கேடிசுப் பூச்சிகள் பெரும்பாலும் பழுப்பு அல்லது சாம்பல் நிறமுடையவை. நிறத்தையும் உருவத்தையும் மட்டும் கொண்டு இனங்களைப் பிரித்தறிதல் கடினம். எனவே ஓர் இனத்தைப் புதியது எனக் காட்டுவதற்கு உடலின் சிறு கூறுகளை ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டியுள்ளது. அவற்றுள் முதன்மையானவை:

* தலையில் தனிக்கண்கள் உள்ளனவா இல்லையா என்பது
* வாயின் உணர்விரல்களில் உள்ள கணுக்களின் எண்ணிக்கை. சில குடும்பங்களில் இது ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபடும்
* முன், நடு, பின் கால்களின் கீழ்த்தண்டில் உள்ள முட்களின் எண்ணிக்கை. இதனை மூன்று எண்களால் குறிப்பர்
* இறகு நரம்புகள் எங்கெங்கே கிளைக்கின்றன என்பது
* ஆண் பூச்சியின் வயிற்று நுனியிலுள்ள இனப்பெருக்க உறுப்புகளின் வடிவம்

இவற்றுள் இறுதியாகக் கூறப்பட்டதே இனங்களைப் பிரிப்பதில் மிக உறுதியான அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. இங்கிலாந்தின் இராபர்ட் மக்லாக்லன் 1874 முதல் 1880 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட ஐரோப்பியக் கேடிசுப் பூச்சிகள் பற்றிய பெருநூல், இவ்வுறுப்புகளின் படங்களைக் கொண்டு இம்முறையை நிலைநிறுத்தியது. வயிற்று நுனியைக் காரக் கரைசலில் தெளிவாக்கி நுண்ணோக்கியில் வரைவது இன்றும் பின்பற்றப்படும் வழக்கமாகும்.

ஆயினும் அக்கால ஐரோப்பிய அறிஞர்கள் பெரும்பாலும் ஊசியில் குத்தி உலர்த்திய முதிர்ந்த பூச்சிகளையே கண்டனர். தென்னமெரிக்காவிலிருந்து அவர்களுக்கு வந்து சேர்ந்த பூச்சிகளின் குடம்பி எங்கு வாழ்கிறது, என்ன கூடு கட்டுகிறது என்பதை அவர்கள் அறிய வழியில்லை. முல்லரின் நிலை இதற்கு நேர்மாறானது. ஓடையும் அருவியும் அவர் வீட்டுக்கு அருகில் இருந்தன. பெரிய நூலகமும் ஒப்பிட்டுப் பார்க்க அருங்காட்சியகத் தொகுப்பும் இல்லை. எனவே அவர் கூட்டிலிருந்து தொடங்கினார். கூடு, குடம்பி, கூட்டுப்புழு, முதிர்ந்த பூச்சி ஆகிய நான்கையும் ஒரே உயிரினத்தின் பருவங்களாகப் பொருத்திக் காண முயன்றார்.

கூடுகளைப் பற்றிய ஆய்வு

சாந்தா கத்தரீனாவின் கேடிசுப் பூச்சிக் கூடுகள் பற்றிய முல்லரின் விரிவான கட்டுரை தேசிய அருங்காட்சியகத்தின் ஆவணத் தொகுதியில் போர்த்துக்கீசிய மொழியில் வெளிவந்தது. இதே பொருளில் 1879 இல் இலண்டன் பூச்சியியல் கழகத்தின் இதழில் ஆங்கிலக் குறிப்பும், 1880 இல் செருமானிய மொழிக் கட்டுரையும் வெளிவந்தன. அவர் இட்ட பெயர்கள் உயிரினத்தின் வாழ்முறையைச் சுட்டுவனவாகப் பெரும்பாலும் அமைந்தன.

* பில்லோயிக்கசு - இலை வீடு எனப் பொருள்படும். இதன் குடம்பி இலைத் துண்டுகளை வெட்டி இணைத்துத் தட்டையான கூடு கட்டுகிறது.
* ரையக்கோபைலாக்சு - ஓடைக் காவலன் எனப் பொருள்படும். இதன் குடம்பி கூட்டைச் சுமந்து திரிவதில்லை. கல்லில் ஒட்டிய கூட்டின் வாயிலில், நீரோட்டத்தை எதிர்நோக்கிப் புனல் வடிவில் பட்டுவலை விரித்து, அதில் சிக்குவனவற்றை உண்கிறது.
* குருமிச்செல்லா - குருமிச்சா என்னும் மற்றொரு பேரினத்தின் பெயரிலிருந்து அமைந்த குறுமைப்பெயர்.
* மரீலியா - ஓடைகளில் வாழும் வேறொரு பேரினம்.

இவற்றுள் பில்லோயிக்கசு புரோமெலியாரம் என்னும் இனம் தனிக் கவனத்துக்குரியது. அன்னாசியின் குடும்பத்தைச் சேர்ந்த புரோமெலியாச் செடிகள் மரக்கிளைகளில் ஒட்டி வளர்பவை. அவற்றின் இலையடிகளில் மழைநீர் தேங்கி நிற்கும். ஓடையை விட்டு விலகி, மரத்தின் மீதுள்ள இச்சிறு நீர்த்தேக்கத்தில் இந்த இனத்தின் குடம்பி வாழ்வதை முல்லர் கண்டறிந்தார். இதே நீரிலிருந்து எல்பீடியம் புரோமெலியாரம் என்னும் நுண்ணிய ஓட்டுடலியையும் அவர் விவரித்தார்.

கூடு மட்டும் ஏமாற்றக்கூடியது என்பதற்கு அக்காலத்தில் நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு ஒன்று இருந்தது. எலிக்கோசைக்கி என்னும் கேடிசுப் பூச்சியின் குடம்பி மணலைக் கொண்டு நத்தையோடு போலச் சுருண்ட கூடு கட்டுகிறது. அமெரிக்க அறிஞர் ஐசக் லீ 1834 இல் அக்கூட்டை உண்மையான நத்தை எனக் கருதி, நத்தைப் பேரினம் ஒன்றில் புதிய இனமாக விவரித்தார். ஓட்டினுள் இருந்த உயிரின் கால்களும் தலையும் ஆராயப்பட்ட பின்னரே அது பூச்சி எனத் தெளிவாயிற்று. இப்பேரினத்தின் கூடுகள் முல்லரின் ஓடைகளிலும் காணப்பட்டன.

முல்லரின் முறையிலும் ஒரு குறை இருந்தது. சில பேரினங்களுக்கு அவர் கூட்டையும் இளம் பருவங்களையும் கொண்டு பெயரிட்டாரே ஒழிய, வகைப்பாட்டியலாளர் எதிர்பார்க்கும் முறையான இன விவரிப்பைத் தரவில்லை. குருமிச்செல்லா என்ற பேரினப் பெயரை அவர் 1879 இல் வெளியிட்டார். அதைச் சேர்ந்த குருமிச்செல்லா ரொசுத்திராட்டா என்னும் இனத்தின் விவரிப்பை 1905 இல் அகஸ்ட் தீனமானே வெளியிட்டார். பிற்கால அறிஞர்கள் முல்லரின் பெயர்களை முதிர்ந்த பூச்சிகளோடு பொருத்துவதற்கு உழைக்க வேண்டியிருந்தது. அதே வேளையில், முதிர்ந்த பூச்சியை மட்டும் கொண்டு விவரிக்கப்பட்ட எண்ணற்ற தென்னமெரிக்க இனங்களின் குடம்பிகள் நெடுங்காலம் அறியப்படாமலே இருந்தன. பில்லோயிக்கசு, மரீலியா, குருமிச்செல்லா ஆகியவை இன்றும் செல்லுபடியாகும் பேரினப் பெயர்கள். ரையக்கோபைலாக்சு இன்று சிமிக்கிரிடியா பேரினத்தின் துணைப்பேரினமாகக் கொள்ளப்படுகிறது.

கால்களின் மயிர் பற்றிய கடிதம்

கேடிசுப் பூச்சிகளைப் பற்றி முல்லர் எழுதிய கடிதம் ஒன்றை டார்வின் 1879 மார்ச் மாதத்தில் நேச்சர் இதழில் வெளியிடச் செய்தார். கேடிசுப் பூச்சியின் கூட்டுப்புழு கூட்டை விட்டு வெளியேறியதும் நீரின் மேற்பரப்புக்கு நீந்தவேண்டும். இதற்கு உதவியாக அதன் கால்களில் மயிர் விளிம்பு உண்டு. ஆனால் நீந்தத் தேவையில்லாத இடங்களில் வாழும் சில இனங்களில் இம்மயிர்கள் குன்றியோ இல்லாமலோ இருப்பதை முல்லர் கண்டார். பயன்படாத உறுப்பு குன்றுகிறது என்பதற்கு, நெருங்கிய உறவுடைய இனங்களிடையே கிடைத்த எளிய சான்று இது. வகைப்பாட்டியலாளருக்கு இனத்தைப் பிரிக்கும் அடையாளமாக மட்டும் தோன்றும் ஒரு சிறு கூறு, அந்த உயிரினத்தின் வாழிடத்தோடும் வரலாற்றோடும் தொடர்புடையது என்பதை இக்கடிதம் காட்டியது.

முல்லரின் ஒப்புப்போலி

நச்சுத்தன்மையற்ற வண்ணத்துப்பூச்சி தீய சுவையுடைய மற்றொன்றைப் போலத் தோன்றித் தப்புவதை ஹென்றி வால்ட்டர் பேட்சு 1862 இல் விளக்கியிருந்தார். ஆயினும் தீய சுவையுடைய இரண்டு இனங்களே ஒன்றையொன்று ஒத்திருப்பது ஏன் என்பது விளங்காதிருந்தது. முல்லர் 1878, 1879 ஆம் ஆண்டுகளில் இதற்கு விடை தந்தார். இளம் பறவைகள் எந்த நிறமுடைய பூச்சியை உண்ணலாகாது என்பதைத் தின்று பார்த்தே கற்கின்றன. இரு இனங்கள் ஒரே தோற்றம் கொண்டால் அப்பாடத்துக்கான இழப்பை அவை பகிர்ந்துகொள்கின்றன.

இதனை அவர் கணக்காகவே காட்டினார். ஓரிடத்தில் ஓர் இனத்தில் 2,000 பூச்சிகளும் மற்றொன்றில் 10,000 பூச்சிகளும் உள்ளன என்றும், பறவைகள் கற்றுக்கொள்ள 1,200 பூச்சிகள் பலியாகவேண்டும் என்றும் கொள்வோம். தோற்றம் வேறாயின் ஒவ்வோர் இனமும் 1,200 பூச்சிகளை இழக்கும். தோற்றம் ஒன்றாயின் முதல் இனம் 200, இரண்டாம் இனம் 1,000 என இழப்பு பங்கிடப்படும். முதல் இனத்துக்கு மொத்தத்தில் 50 விழுக்காடும் இரண்டாவதற்கு 2 விழுக்காடும் இலாபம். அரிதான இனமே மிகுந்த பயன் பெறுகிறது என்பது இதன் முடிவு. படிவளர்ச்சியில் கணித முறையைக் கையாண்ட மிகப் பழைய எடுத்துக்காட்டுகளுள் இதுவும் ஒன்று.

வெள்ளமும் பணி நீக்கமும்

1880 இல் இத்தாசாயி ஆற்றில் பெருவெள்ளம் ஏற்பட்டது. முல்லரின் குடும்பம் உயிர் தப்பியது. செய்தியறிந்த டார்வின், இழந்த நூல்களையும் கருவிகளையும் மீண்டும் வாங்கப் பணம் அனுப்ப முன்வந்தார். முல்லர் நன்றி கூறி அதனை ஏற்க மறுத்தார். 1883 இல் தம்பி ஹெர்மனும் இறந்தார்.

1889 இல் பிரேசில் குடியரசானது. புதிய ஆட்சி, அருங்காட்சியகத்தின் பயண இயற்கையியலாளர்கள் அனைவரும் ரியோ டி செனீரோவிலேயே தங்கவேண்டும் என விதித்தது. தம் ஆய்வுக்குரிய உயிரினங்கள் வாழும் இடத்தை விட்டுத் தலைநகரில் அமர்வதற்கு முல்லர் இணங்கவில்லை. இதனால் 1891 இல், 69 ஆம் வயதில் பணியிலிருந்து நீக்கப்பட்டார். எனினும் ஆய்வையும் எழுத்தையும் கைவிடவில்லை. இக்காலத்தில் அவரது உறவினரும் பூஞ்சையியலாளருமான ஆல்பிரட் மொல்லர் புளூமெனாவில் தங்கி ஆய்வு செய்தார்.

முல்லர் 1897 மே 21 அன்று புளூமெனாவில் காலமானார்.

நினைவும் மதிப்பும்

பான் பல்கலைக்கழகம் 1868 இலும் தூபிங்கன் பல்கலைக்கழகம் 1877 இலும் முல்லருக்குச் சிறப்பு முனைவர் பட்டம் வழங்கின. ஆல்பிரட் மொல்லர் அவரது கட்டுரைகளையும் கடிதங்களையும் வாழ்க்கை வரலாற்றையும் தொகுத்து 1915 முதல் 1921 வரை பல தொகுதிகளாக வெளியிட்டார். புளூமெனாவில் அவருக்குச் சிலை உள்ளது. அங்கு அவர் வாழ்ந்த வீடு அவர் பெயரிலான அருங்காட்சியகமாக விளங்குகிறது.

செக்ரோப்பியா மரத்தின் இலைக்காம்படியில் எறும்புகளுக்கு உணவாகத் தோன்றும் சிறு மணிகள் முல்லர் மணிகள் எனப்படுகின்றன. முட்டைகளை முதுகில் சுமக்கும் பிரேசில் தவளைப் பேரினம் ஒன்றுக்கு பிரிட்சியானா எனப் பெயரிடப்பட்டுள்ளது. இத்தகைய தவளை ஒன்றைப் பற்றியும் 1879 ஆம் ஆண்டுக் கடிதத்தில் முல்லர் எழுதியிருந்தார்.

உலகில் இதுவரை 16,000க்கும் மேற்பட்ட கேடிசுப் பூச்சி இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. இன்று புதிய இனங்களை விவரிக்கையில் மரபணுத் தொடர்களும் ஒப்பிடப்படுகின்றன. எந்தக் குடம்பி எந்தப் பூச்சியினுடையது என்ற முல்லரின் கேள்விக்கு இதன்வழி எளிதில் விடை காண இயல்கிறது. எனினும் தென்னமெரிக்காவின் பல இனங்களுக்கு அக்கேள்வி இன்னும் விடையின்றியே உள்ளது.

முக்கிய படைப்புகள்

* டார்வினுக்காக (1864)
* இத்தூனாவும் தைரிடியாவும் - வண்ணத்துப்பூச்சிகளின் ஒப்புப்போலி பற்றிய கட்டுரை (1879)
* தென்பிரேசில் கேடிசுப் பூச்சிகளின் கூடுகள் பற்றிய குறிப்புகள் (1879)
* சாந்தா கத்தரீனா மாகாணத்தின் கேடிசுப் பூச்சிக் குடம்பிகள் கட்டும் கூடுகள் (1880)

இவற்றையும் பார்க்கவும்

* சார்லஸ் டார்வின்
* ஹென்றி வால்ட்டர் பேட்சு
* எர்ன்ஸ்ட் ஹேக்கல்
* ஒப்புப்போலி